ஷவ்வால் பிறை இருபத்தேழு

லத்தீபாவுக்குப் பொழுது விடிவது முதலில் விரல்களில்தான் தெரியும். கண்ணைத் திறக்கும் முன்பே, இரவெல்லாம் யாரோ சணல் கயிற்றால் கட்டிப்போட்டதுபோல் பத்து விரல்களும் மடங்கிக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. முழங்கால்களைக் கடைசிக்கு விட்டுவைப்பாள், வீட்டில் கோபக்கார ஆளிடம் கடைசியாகப் பேசப் போவதுபோல. பெரியபட்டினத்துப் பள்ளிவாசலில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லும்போது தெருவில் மற்றப் பெண்கள் அப்போதுதான் புரண்டு படுப்பார்கள். லத்தீபா அதற்கு அரைமணி முன்பிருந்தே தன் உடம்பைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பாள்.

இருபத்து நாலு வயதில் வந்த நோவு. ஏழு வருஷம் ஆகிவிட்டது. வேப்பெண்ணெய் பூசினார்கள், நொச்சி இலை வதக்கிக் கட்டினார்கள், சுடுமணல் ஒத்தடம் கொடுத்தார்கள், ஓதி ஊதிய தண்ணீர் குடித்தாள். எதுவும் பிடிக்கவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. "நான் இவ வயசுல ஒத்தையா நின்னு ஒரு மூட்டை நெல்லு குத்துவேன்" என்று மாமியார் குல்சும் பீவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதில் வசை பாதி, உண்மையிலேயே புரியாமை பாதி.

கணவன் காதர் மைதீனுக்கு இலங்கையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு மாதம் இருப்பான். அப்படி ஒருமுறை வந்தபோது அவளை பஸ் ஏற்றி இராமநாதபுரத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மூட்டுக்குள்ள தீப்பிடிச்ச மாதிரிம்மா இது. அணையாது. கொஞ்ச நாள் தணியும், மறுபடி எரியும். ஆஸ்பிரின் தர்றேன். ஆனா அதைவிட முக்கியம், தினமும் நடக்கணும். நீ உக்காந்துட்டா மூட்டும் உக்காந்துக்கிடும். அப்புறம் யாரு தூக்கினாலும் எந்திரிக்காது."

 வீட்டுக்கு வந்ததும் காதர் மைதீன் தாயிடம் போய் நின்றான்.

"உம்மா, நாளையில இருந்து இவ சுபுஹு தொழுதுட்டுக் கடக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவா."

குல்சும் பீவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்னது? குமரும் கெழவியுமா வாசப்படி தாண்டாமக் கெடக்குற தெருவுல, இவ மட்டும் காத்து வாங்கப் போறாளா?"

"டாக்டரு குடுத்த மருந்து உம்மா அது. பாட்டில்ல அடைச்சுக் குடுத்திருந்தா குடிக்க விட மாட்டியளா?"

குல்சும் பீவி முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறக்கவில்லை.

மறுநாள் இருட்டோடு அவனும் வந்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் ஊர் சிரிக்கும் என்பதால் பத்தடி முன்னால், முன்பின் தெரியாதவன்போல் நடந்தான். பனங்காட்டுக்குள் போனதும் திரும்பாமலே கேட்டான்: "பின்னாடி வர்றது யாரு, நம்ம ஊருப் பொம்பளையா?" லத்தீபா போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் சிரித்தாள். நாற்பது நாள் அப்படி வழி காட்டிவிட்டு அவன் இலங்கைக்குப் போய்விட்டான். அவள் விடாமல் நடந்தாள்.

கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு முடுக்குச் சந்து. அது முடிகிற இடத்தில் கிணறு. அதைத் தாண்டினால் பனங்காடு, உடைமரங்கள், ஒரு மணல்மேடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் தென்கடல். முடுக்கில் வைக்கிற ஒவ்வொரு அடியும் உடைந்த சிப்பிமேல் வைத்ததுபோல் இருக்கும். கிணற்றடியில் பல்லைக் கடித்துக்கொள்வாள். பனங்காட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில், எந்த மரத்தடியில் என்று அவளால் சொல்ல முடிந்ததே இல்லை, முழங்கால் இளகும். மணல்மேட்டில் அடம்புக்கொடியின் ஊதாப் பூக்கள் பனியோடு விரிந்திருக்கும். மிதிக்காமல் வளைந்து வளைந்து ஏறுவாள்.

அந்தப் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது. குளத்துத் தண்ணீர்போல் வந்து கரையை நக்கிவிட்டுப் போகும். இரவில் ஒதுங்கிய கடற்புல் கரை நெடுகக் கருப்பாகக் குவிந்து கிடக்கும். அதில் உள்ளான் குருவிகள் குச்சிக்கால்களோடு ஓடி ஓடிக் கொத்தும். அவற்றின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று லத்தீபா வெகுநேரம் நின்று பார்ப்பாள். தூரத்தில் தீவுகள் முதலில் புகைபோலவும், அப்புறம் மரங்களாகவும் தெரியும். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றால் குளிர்ச்சி எலும்புவரை ஏறும். வீக்கம் கொஞ்சம் மூச்சு விடும். நோவு போய்விடாது. வீட்டில் அது அவள் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இங்கே இறங்கிப் பக்கத்தில் நடந்து வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் அவள் ஏழில் நாலு வருஷத்தை ஓட்டினாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மே மாதக் கடைசியில் இலங்கையில் கலவரம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. கடிதம் நின்றது. தந்தி அடித்தவர்களுக்கும் பதில் இல்லை. லத்தீபா இங்கிருந்து எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஜூலை இருபத்தேழாம் தேதி, அதே கடையில் வேலை பார்த்த பாக்கர் ஒரு தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்பதால் உள்ளே வரவில்லை. திரைக்கு வெளியே நின்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மாமி... காதர் மைதீன் காக்கா காய்ச்சல்ல மவுத்தாயிட்டாக. அங்கனயே பள்ளிவாசல்ல நல்லபடியா அடக்கிட்டோம்."

அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. குல்சும் பீவி போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. எப்படி, எங்கே என்று கேட்டார்கள். என்றைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அழுகிறவர்களுக்கு அது இன்றைக்குத்தானே நடந்தது. சேதி வந்த நாளே சாவு வந்த நாளாகிவிட்டது. பாக்கர் இரண்டு நாளில் தன் பெண்டாட்டி ஊரான தொண்டிக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே பெண்கள் லத்தீபாவைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் இத்தா இருத்தினார்கள். கணவன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், நகை நட்டுப் போடக்கூடாது. மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். தெரு அதற்கு மேல் தன் பங்குக்குச் சிலதைச் சேர்த்து வைத்திருந்தது. வானத்தைப் பார்க்கக்கூடாது. முற்றத்தில் கால் வைக்கக்கூடாது, பனையேறுகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும். ஜன்னலில் சாக்குத் தொங்க வேண்டும். பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை என்ன கேட்பது? குல்சும் பீவி கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் முதல் கோட்டைப் போட்டாள்.

அறை நீளத்தில் ஏழு காலடி, அகலத்தில் நாலு.

லத்தீபா அழுதாள். அழுகை ஓய்ந்த நேரங்களில் நடந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பினால் எத்தனை காலடி என்று அவளுக்குத் தெரியும். அறையில் அதற்கு முந்நூறு தடவை போய் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொட்டுத் திரும்புவாள். ஐம்பதாவது தடவையில் கிணறு. நூறில் பனங்காடு. பனங்காட்டில் இளக வேண்டிய முழங்கால் இளகவில்லை. சிமெண்டுத் தரைக்குக் காலைத் தாங்கத் தெரியவில்லை. கொடுத்த அடியையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுத்தது.

"மதினி, கொஞ்சம் நில்லுங்க. ஒங்களத் திருப்பி அனுப்பி அனுப்பிச் செவுத்துக்குக் கை வலிக்கும்" என்றாள் நாத்தனார் நஸீரா. அவளுக்கு இருபது வயது. கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். அந்த வீட்டில் இப்போது சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதையும் தாய் காதில் விழாமல் சிரித்தாள்.

நாற்பதாம் நாளுக்கு மேல் தீ மறுபடி பிடித்தது. இடது முழங்கால் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கிச் சுட்டது. காய்ச்சல் வந்து வந்து போனது. படுத்தால் மடக்கித்தான் படுக்க முடிந்தது. மடக்கிப் படுத்த கால் மறுநாள் அந்த அளவுக்கு நிமிர மறுத்தது. ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை குறைந்தது. எழுபதாம் நாள் வந்தபோது அது அரிவாள்போல் வளைந்து நின்றுவிட்டது. கழிப்பறைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போனாள். கதவில் இன்னும் ஐம்பத்தேழு கோடுகள் பாக்கி. அதுவரை இந்தக் கால் காத்திருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னது மட்டுமல்ல, காலே சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமி, முத்தத்துல மட்டும் நடந்துக்கிறேன். துப்பட்டி போத்திக்கிட்டு, இருட்டோட. கால் புடிச்சுக்கிட்டு நிமிர மாட்டேங்குது."

குல்சும் பீவி அவளைப் பார்க்கவில்லை, கதவுக்கோடுகளைப் பார்த்தாள். "என் புள்ள கபுருக்குள்ள கெடக்கான். அவன் காலு நிமிந்துருச்சா? ஒனக்கு முத்தம் கேக்குதா முத்தம்?"

லத்தீபா அப்புறம் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் நஸீரா அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மதினி, எங்க காக்கா எழுதுன கடைசிக் கடுதாசில ஒங்களுக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கேன்னு எழுதுச்சுல்ல? அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கும்?"

"வேணாம் புள்ள. மாமி அதத் தொறக்கக்கூட இல்ல."

"உம்மா லுஹர் தொழுதுட்டுத் தூங்குது. கொறட்டை கேக்கல ஒங்களுக்கு? மரக்கலம் போற மாதிரி இருக்கு."

தகரப்பெட்டி குல்சும் பீவியின் கட்டிலுக்கு அடியில் வந்த நாள்முதல் அப்படியே கிடந்தது. நஸீரா அதைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இரண்டு கைலி, ஒரு சட்டை, முகம் மழிக்கும் பிரஷ். செய்தித்தாளில் சுற்றிய தைலப் பாட்டில். அதற்கு அடியில் மூன்று உறைகள். மூன்றும் லத்தீபா கைப்பட எழுதியவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

அவற்றோடு நாலாக மடித்த ஒரு தாள், அங்கத்திய பள்ளிவாசல் முத்திரையோடு. நஸீரா படித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு அதை லத்தீபாவின் மடியில் வைத்தாள்.

காதர் மைதீன் என்பவர் வஃபாத்தாகி, அன்றே அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்யப்பட்டார். ஹிஜ்ரி 1377 ஷவ்வால் பிறை இருபத்தேழு. வெள்ளிக்கிழமை. 16.5.1958.

யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்றுதான் லத்தீபா முதலில் நினைத்தாள். பிறகு உறைகளைப் புரட்டினாள். ஜூன் இரண்டாம் தேதி எழுதியது, ஜூன் இருபது, ஜூலை ஒன்பது. இரண்டாவதில் தான் பார்த்த கடல்பசுவைப் பற்றி எழுதியிருந்தாள்: கரைக்கு வெகு பக்கத்தில், குட்டியை அணைத்துக்கொண்டு, மனுஷியைப்போல் மூச்சு விட்டது என்று. மண்ணுக்குள் இருந்தவருக்கு எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு எழுதியிருக்கிறாள்.

அவன் இரண்டாம் தடவை செத்ததுபோல் இருந்தது. வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, வீங்கிய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ணத் தொடங்கிவிட்டது. அதைக் கண்டுகொண்டபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை.

"நஸீரா," என்றாள் அழுகை அடங்கியதும். "ஆலிம்சா வீட்டுக்குப் போய் அவுக சம்சாரத்துக்கிட்ட இந்தத் தாளக் குடு. இத்தாவ எந்த நாளுல இருந்து எண்ணணும்னு கேட்டு வரச் சொல்லு."

வாவு முகம்மது ஆலிம்சா பதில் சொல்லி அனுப்பவில்லை. சாயங்கால அஸர் தொழுகை முடித்துத் தானே வந்துவிட்டார். முன்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்தார். பெண்கள் மூவரும் திரைக்குப் பின்னால். குல்சும் பீவிக்கு அவர் எதற்கு வந்திருக்கிறார் என்றே தெரியாது.

"பீவி, ஒங்க மவன் மவுத்தானது ஷவ்வால் பிறை இருபத்தேழு. ஸபர் மாசம் இருபத்தேழோட நாலு மாசம் ஆச்சு. மேல பத்து நாள். ரபியுல் அவ்வல் பிறை ஏழுலயே ஒங்க மருமகளுக்கு இத்தா முடிஞ்சுபோச்சு. இன்னைக்கிப் பிறை இருபத்திரண்டு."

"என்ன சொல்றீக? சேதி வந்ததே முஹர்ரம் மாசத்துலதானே?"

"சேதி எப்ப வந்தா என்ன? மவுத்தான நாளுல இருந்துதான் கணக்கு. சேதி வரவே நாலு மாசம் பத்து நாளுக்கு மேல ஆயிருந்தா, இத்தாவே இருக்கத் தேவையில்ல." அவர் மடித்த தாளைப் பாய்மேல் வைத்தார். "அதுவும் போக, முத்தத்துக்கு வரக்கூடாது, வானத்தப் பாக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? நோவாளிப் பொம்பளை. தேவைன்னா பகல்ல வெளிய போயிட்டு வரவே மார்க்கத்துல எடம் இருக்கு. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் வந்து கேட்டிருக்கணும். தப்பு என் பேருலயும் இருக்கு."

 ஆலிம்சா ஒரு துஆ ஓதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

குல்சும் பீவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். 

"அவன் போயி சேதி வர எழுவத்திரண்டு நாளு. நடுவுல ஹஜ்ஜுப் பெருநாளு வந்துச்சே. புதுச்சேலை கட்டினேனே. கறி ஆக்கித் தின்னேனே. என் புள்ள மண்ணுக்குள்ள கெடக்கயில நான் தொடைக்கறி நல்லா வெந்துருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேனா?"

"உம்மா, நமக்குத் தெரியாதுல்ல..." என்றாள் நஸீரா.

"பெத்த வவுத்துக்குத் தெரிய வேணாமா?" அவள் லத்தீபாவின் பக்கம் திரும்பினாள். "நீ அன்னைக்கும் போயிருப்ப. கடக்கரைக்கு. அவன் உசுரு போற நேரத்துல நீ அங்கன நின்னு காத்து வாங்கிக்கிட்டு இருந்திருப்ப. எழுவத்திரண்டு நாளும் போயிருக்க. தாலி அறுத்தவ, குருவி பாக்கப் போயிருக்க."

 லத்தீபா போயிருந்தாள்தான்.

"எனக்கு எம்புள்ள செத்தது அந்தப் பாக்கர் வந்து வாசல்ல நின்ன அன்னைக்குத்தான். அதுக்கு முந்தி அவன் உசுரோட இருந்தான். இந்தக் கதவுல அம்பத்தேழு கோடு பாக்கி. நீ போறதுன்னா போ. மார்க்கம் விட்டுருச்சு, நான் யாரு தடுக்க? ஆனா திரும்பி வந்து என் மூஞ்சில முழிக்காத."

லத்தீபாவுக்குப் போக வேறு வீடு இல்லை. வாப்பா உம்மா இல்லை. அக்காள்மடம் கிராமத்தில் ஒரு தூரத்து உறவு, அவர்களே ஒரே அறையில் ஒன்பது பேர். அன்று ராத்திரி முழுக்க இரண்டையும் எடை போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கால். இந்த வீட்டில் காலில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எழுபது நாளாக இருந்து பார்த்துவிட்டாள்.

சுபுஹு தொழுததும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். கொல்லைக் கதவைப் பிடித்து எழுந்து நின்றபோது இடது குதிகால் தரையில் படவில்லை. விரல் நுனியால் ஊன்றிக்கொண்டு முடுக்கின் சுவரைத் தடவித் தடவிப் போனாள். கிணற்றடி வருவதற்குள் வியர்வையில் ரவிக்கை நனைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு தஸ்பீஹ் மணி உருட்டி முடிப்பதற்குள் போய்ச் சேர்கிற தூரம். பனங்காட்டில் ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்து நின்றாள். இளகவில்லை. அடுத்த மரம். இளகவில்லை. மணல்மேட்டை அவளால் நடந்து ஏற முடியவில்லை. கையையும் வலது காலையும் ஊன்றித் தவழ்ந்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஏறியிருப்பாள்.

கடல் அங்கேதான் இருந்தது.

வடக்கே எங்கோ மழை பிடித்திருந்ததுபோல் காற்று ஈரமாக வந்தது. உள்ளான்கள் புதிதாக வந்திறங்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்து பறந்துவந்த களைப்பில் ஒற்றைக்காலில் நின்று தூங்கின. லத்தீபா உட்கார்ந்தபடியே தண்ணீர்வரை நகர்ந்து இரண்டு கால்களையும் உள்ளே விட்டாள். குளிர்ச்சி ஏறியது. அந்த வினாடி, மாமியார் சொன்னதும் கூடவே ஏறியது: அவன் உசுரு போற நேரத்துல. ஆமாம், அன்றைக்கு இதே தண்ணீர் இதேபோல் சுகமாகத்தான் இருந்தது. அவளால் அதை மறுக்க முடியவில்லை. இனி எத்தனை முறை வந்தாலும் இந்தச் சுகத்தோடு அதுவும் வரும் என்று தெரிந்தது. தெரிந்தும் காலை வெளியே எடுக்கவில்லை. அழுதாள். தண்ணீர் தன்பாட்டுக்கு முழங்காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சம் வந்துவிட்டது. எழ முயன்றாள். முடியவில்லை. பிடிக்க மரமோ சுவரோ இல்லை. மறுபடி முயன்றாள். இடது கால் மடங்கி அவளைக் கடற்புல் குவியலில் தள்ளியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வலைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் இப்படிக் கிடப்பதை நினைத்தபோது நோவைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

மணல்மேட்டின்மேல் இரண்டு வெள்ளைத் துப்பட்டிகள் தெரிந்தன. முன்னால் வந்தது நஸீரா. பின்னால், மூச்சிரைக்க, மணலில் கால் புதையப் புதைய, இந்த ஊரில் பிறந்து வளர்ந்து அறுபது வயதில் இந்தக் கரைக்கு முதல்முறையாக வந்த குல்சும் பீவி.

 அவள் கடலைப் பார்க்கவில்லை. லத்தீபாவின் கக்கத்தில் கை கொடுத்து, நெல்மூட்டையைத் தூக்குகிறவள்போல் ஒரே இழுப்பில் நிறுத்தினாள். மறுபக்கம் நஸீரா பிடித்துக்கொண்டாள். மூவரும் மேடு ஏறி இறங்கினார்கள். பனங்காட்டுக்குள் வந்தபிறகு குல்சும் பீவி முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏ லத்தீபா. அந்த நூர் நிஷா கல்யாணம்... அது எம்புள்ள போன அந்த வெள்ளிக்கெழமையா? இல்ல அதுக்கு முந்துன வெள்ளிக்கெழமையா?"

லத்தீபாவுக்கு எல்லாம் நினைவில் இருந்தது. நூர் நிஷா அடுத்த வீட்டுப் பெண். அவளுடைய கல்யாணம் ஷவ்வால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. பிறை இருபத்தேழு. தாம்பாளத்தைத் தட்டி மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவதில் குல்சும் பீவியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அன்று மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகும் பாட்டு நிற்கவில்லை. நெய்ச்சோறு இரண்டாம் தடவை வாங்கித் தின்றாள்.

நஸீரா வாயைத் திறந்தாள். லத்தீபா அவள் கையை இறுக்கினாள். இறுக்கியதில் தன் விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் தெறித்தன.

"முந்துன வெள்ளி மாமி."

"நெசமாவா?"

"ஆமா. நான் நடந்துட்டு வந்த நாளு எல்லாம் எனக்கு அத்துப்படி. நூர் நிஷா கல்யாணம் முந்துன வெள்ளிக்கெழமை."

நாலைந்து மரங்கள் கடந்தன.

"அப்ப அந்த வெள்ளிக்கெழமை நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க படுத்திருந்தீக. வவுத்துக்குள்ள என்னமோ பெரட்டுதுன்னு சொன்னீக. மத்தியானம் சோறு உண்ணல."

குல்சும் பீவி நின்றாள். அவள் முகம் லத்தீபாவின் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அந்தக் கண்கள் தன்னை நம்பவில்லை என்று லத்தீபாவுக்கு ஒரு கணம் தோன்றியது. இந்தக் கேள்வியைத் தெருவில் இன்னும் நூறு பேரிடம் கேட்கலாம். யாரிடமும் அவள் கேட்கமாட்டாள் என்றும் தோன்றியது.

"பெரட்டுச்சு," என்றாள் குல்சும் பீவி மெல்ல. "ஆமா, பெரட்டுச்சு. அடிவவுத்துல ஒரு இழுப்பு. காலையில இருந்தே."

"ஆமா மாமி."

"சோத்துல கை வச்சேன். எறங்கல."

"எறங்கல."

"ஏடி நஸீரா, நான் ஒன்ட்டகூடச் சொன்னேன்ல?"

நஸீரா தாயைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். "சொன்னீக உம்மா" என்றாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லை; அழுகை மட்டும்தான் இருந்தது.

குல்சும் பீவி தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த நாளை மனசுக்குள் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பவள்போல் இருந்தது அவள் முகம். கிணற்றுப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஊர் எழுந்துவிட்டது. அவள் தன் துப்பட்டியின் ஒரு பாதியை இழுத்து லத்தீபாவின் தலைக்கும் சேர்த்து மூடினாள்.

"எட்டு வை," என்றாள். "காலத் தூக்கி வை. இழுக்காத."

லத்தீபா தூக்கி வைத்தாள். குதிகால் மண்ணைத் தொடவில்லை. மறுபடி தூக்கி வைத்தாள்.